தலையணைக்கடியில் பொரி டப்பா

4 ஜூலை 2024, வியாழன்

ஆறு வாரம் மூன்று நாள். பிரஷ்ஷை வாயில் வைத்ததுமே ஓங்கரித்தது. வெறும் வயிறு, வந்தது மஞ்சள் தண்ணிதான். அத்தை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மசக்கை ஆரம்பிச்சிருச்சு." கையோடு ஒரு உத்தரவும்: "காபி சூடு. இனிமே தொடாதே."

ஒரு நாளைக்கு மூணு டம்ளர் குடிக்கிறவள் நான். தலையாட்டிவிட்டேன்.

6 ஜூலை, சனி

நேற்று சாயங்காலம் பிடித்த தலைவலி விடவே இல்லை. இரண்டு பொட்டிலும் யாரோ கட்டைவிரல் வைத்து அழுத்துகிற மாதிரி. மாதவிடாய் வலிக்கு வாங்கின மாத்திரை டிராயரில் இருந்தது. அட்டையைத் திருப்பினால் ஐபுபுரூஃபன். கர்ப்பத்தில் ஆகாது என்று எப்போதோ காதில் விழுந்தது. திரும்ப உள்ளே போட்டேன். தைலம் தடவினார் இவர். அந்த வாசனைக்கே இன்னொரு தடவை வாந்தி.

9 ஜூலை, செவ்வாய்

பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால்கூட எனக்குக் குமட்டுகிறது. சாப்பிட்டால்தானே வாந்தி என்று மத்தியானம் வரை பட்டினி கிடந்தேன். குமட்டல் கூடிற்று, தலைவலி அதைவிட. சிறுநீர் டீ நிறத்தில் போகிறது.

10 ஜூலை, புதன்

ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தது. அரிசி அளவு ஒரு வெள்ளை, நடுவில் படபடவென்று ஒரு துடிப்பு. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா கேட்டார்: "காபி குடிப்பீங்களா?"

"விட்டுட்டேன் டாக்டர்." பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"என்னைக்கு விட்டீங்க?"

"வியாழக்கிழமை."

"தலைவலி?"

"வெள்ளி சாயங்காலம்..." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

தினமும் குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலை பிளக்குமாம். நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள் இருந்தால் போதுமாம். காலையில் ஒரு சின்ன டம்ளருக்கு அனுமதி. வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால், அதுவும் அவரைக் கேட்டுவிட்டு. பட்டினிக்குத்தான் நிஜமான திட்டு விழுந்தது: வயிறு காலியானால் குமட்டல் ஏறும், தண்ணீர் குறைந்தால் தலைவலி ஏறும். பட்டினியில் சிறுநீரில் இறங்குகிற கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் கேட்டார், நல்லவேளை இல்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, எடை இறங்கினாலோ உடனே வரச் சொன்னார்.

வாந்திக்கு டாக்சிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை எழுதியிருக்கிறார். ராத்திரி படுக்கும்போது போட்டால்தான் காலையில் வேலை செய்யுமாம்.

13 ஜூலை, சனி

அத்தையிடம் 'டாக்டர் சொன்னாங்க' என்று சொன்னால் போதும், எல்லாம் நடக்கும். இன்று அவரே டிகாக்‌ஷன் இறக்கினார். தலைவலி போன இடம் தெரியவில்லை. மாத்திரை தூக்கத்தைத் தூக்கிக் கொடுக்கிறது, ஆபீஸில் பதினொரு மணிக்குக் கண் சொருகுகிறது.

17 ஜூலை, புதன், ஆடி 1

தலையணைக்கடியில் பொரி டப்பா. கண் விழித்ததும் படுத்தபடியே ஒரு பிடி, மெதுவாக மென்று. அப்புறம் கால் மணி நேரம் அசையக் கூடாது. இவர் கூரையைப் பார்த்தபடி "எலி கொறிக்குது" என்கிறார். வாந்தி நாலு தடவையிலிருந்து ரெண்டாகிவிட்டது. தண்ணீரை மடமடவென்று குடித்தால் திரும்பி வந்துவிடுகிறது. எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டு, வாய் வாயாகக் குடித்தால் நிற்கிறது.

24 ஜூலை, புதன்

பிள்ளைக்கு முடி நிறைய இருந்தால் வாந்தி அதிகம் என்பது அத்தை கட்சி. இவர் ஜிடிஎஃப்15 கட்சி. கருவிலிருந்து அம்மா ரத்தத்தில் கலக்கிற ஹார்மோனாம். முன்பே அது உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்கு மசக்கை கடுமையாக வரும் என்று 2023 டிசம்பரில் ஆய்வு வந்திருக்கிறது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் வாந்தி எனக்குத்தான்.

3 ஆகஸ்ட், சனி, ஆடி 18

மேட்டூர் 120 அடி நிரம்பி நாலு நாளாகிறது. ஸ்ரீரங்கத்தில் காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. கூட்டத்துக்கு பயந்து நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அத்தை புளிசாதம் கிளறும்போது மட்டும் மொட்டை மாடிக்கு ஓடிப்போனேன். ஆறினதும் சாப்பிட்டேன். மூணு கரண்டி, நார்த்தங்காயோடு. அத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

மணி நாலாகிறது. இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது.