மரத்துக்குப் பழகிய இயந்திரம்

முதல் மூன்று கத்திகளை அரத்தால்தான் அராவினேன். எஃகுப் பட்டையை வைஸில் இறுக்கி, முதுகிலிருந்து கூர் வரை சரிவை இறக்குவதற்குள் இரண்டு மூன்று விடுமுறை நாட்கள் போய்விடும். மூன்றாவது கத்தி முடிந்த மறுநாள் வலது கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை. அன்றைக்குத்தான் பெல்ட் சாண்டர், அதாவது மணல் ஒட்டிய பட்டை உருளைகளில் சுற்றி ஓடித் தேய்க்கும் இயந்திரம், தேடத் தொடங்கினேன்.

கத்தி செய்பவர்கள் விரும்புவது 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள பெல்ட் ஓடும் இயந்திரம். அதைப் புதிதாக வாங்க வசதி இல்லை. பழையது என்று தேடினால், வைத்திருப்பவர்கள் அதை லேசில் விடுவதில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் மரவேலைக்கென்று செய்த சிறிய இயந்திரங்கள்தான்.

முதலில் பார்த்தது 1 அங்குல அகலப் பெல்ட். இரும்பைச் சற்று அழுத்தியதுமே நின்றுவிட்டது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது, கனமான வார்ப்பிரும்பு உடம்பு. சுவிட்சைப் போட்டால் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. விற்பவர் உருளையைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார், ஓடியது. மோட்டார் கருகிவிட்டது என்று முடிவுகட்டித் திரும்பிவிட்டேன். ஒற்றை ஃபேஸ் மோட்டார் இப்படி உறுமிக்கொண்டு நின்று, தள்ளினால் மட்டும் ஓடினால், பெரும்பாலும் பழுது கெப்பாசிட்டரிலோ உள்ளே இருக்கும் ஸ்டார்ட்டிங் சுவிட்சிலோதான் இருக்கும் என்பது பிற்பாடு வந்த ஞானம்.

மூன்றாவது, வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட ஒரு தச்சருடையது. 4 அங்குலத்துக்கு 36 அங்குலப் பெல்ட். இந்த முறை ஸ்டீல் ஸ்கேலும் டார்ச்சும் கையோடு கொண்டுபோனேன். பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு நிறுத்தச் சொன்னேன். ஓடும்போது எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்துவிடும். மின்சாரம் நின்று உருளை தானாகத் தணியும்போதுதான் பேரிங் தன் குறையைச் சொல்லும். லேசாகக் கரகரத்தது. தூசி புகாதபடி அடைப்புள்ள, 6203 என்ற அளவு எண் கொண்ட பேரிங், எங்கும் கிடைப்பது. அது என்னைப் பயமுறுத்தவில்லை.

பெல்ட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் முதுகு கொடுக்கும் தட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி, மறுபக்கம் டார்ச் அடித்தேன். நடுவில் வெளிச்சம் வழிந்தது. ஆண்டுக்கணக்காகப் பலகையை ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்ததில் தட்டு அரை மில்லிமீட்டர் குழிந்திருந்தது. "பலகைக்கு இது போதும் தம்பி" என்றார் பெரியவர். பலகைக்குப் போதும்தான். குழிந்த தட்டில் கத்தியைப் பிடித்தால் சரிவு தட்டையாக வராது, வயிறு தள்ளிக்கொண்டு வரும். அதைக் காட்டியே விலையைக் குறைத்தேன். பழைய பெல்ட்டுகள் ஒரு கட்டும் இனாமாகக் கொடுத்தார்.

அந்த இனாம்தான் என் முதல் பாடு. பெல்ட்டின் இரு முனைகளையும் சேர்த்திருக்கும் பசை நாள்பட்டால் வீரியம் இழந்துவிடும். இரண்டாவது பெல்ட் ஓடிய வேகத்திலேயே விட்டுக்கொண்டு, கன்னத்தில் பளாரென்று அறைந்தது. கண்ணாடி போட்டிருந்தேன், பிழைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓட்டும் உருளை 60 மில்லிமீட்டர் விட்டம், மோட்டார் நிமிடத்துக்கு 2,850 சுற்று, அப்படியானால் பெல்ட் நொடிக்கு 9 மீட்டர் ஓடுகிறது.

அதைவிட மோசமானது தீ. வெளியே தொங்கிய தூசிப் பையைக் கழற்றி உதறியிருந்தேன். பெல்ட்டுக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே பல வருட மரத்தூள் கெட்டியாகப் படிந்து கிடந்திருக்கிறது. எஃகு உரசிப் பொறி பறப்பதை ரசித்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் கழித்து, வேலை நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது அடுப்பு வாசனை வந்தது. ஜுவாலை இல்லை, உமி கனல்வதுபோல உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அன்றே முழுவதையும் பிரித்துச் சுரண்டினேன். தூசிக் குழாயை அடைத்தேன். இப்போது பொறி விழும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. கைப்பிடிக்கு மரம் தேய்த்த பிறகு, துடைக்காமல் எஃகைத் தொடுவதில்லை. அரப்பொடி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசமும் உண்டு. துணி முகமூடி இல்லை, வடிகட்டி வைத்தது.

பேரிங் மாற்றியது ஒரு மாலை வேலை. தட்டுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பீங்கான் பட்டை ஒன்றை அதன்மேல் எபாக்சி பசையால் ஒட்டி, பெல்ட்டின் இழுப்பில் அது நழுவாதபடி கீழ்முனையில் ஒரு சிறிய இரும்புத் தாங்கி வைத்தேன். பெல்ட் ஏறும் விளிம்பை மழுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தட்டிக்கொண்டே இருக்கும். மரத்துக்கான பெல்ட்டுகள் எஃகில் சில நிமிடங்களிலேயே மொண்ணையாகிவிட்டன. செராமிக் மணல் ஒட்டிய, சொரசொரப்பான 60 எண் பெல்ட் வந்ததும்தான், அரத்தில் ஒரு நாள் பிடித்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது.

அந்தச் சுகத்தில் நான்காவது கத்தியைக் கெடுத்தேன். காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, 200 டிகிரி செல்சியஸில் பதமாக்கி, கடைசி மெருகுக்காகப் பெல்ட்டில் வைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முனை நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் என்றால் ஏறக்குறைய 300 டிகிரி. அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். முனை மெல்லியது, சூடு ஓடிப் போக அங்கே இடமில்லை. இந்த இயந்திரத்துக்கு ஒரே வேகம், குறைக்க வழியில்லை. அதனால் தோய்த்த பிறகு தேய்ப்பதற்குப் புதிய பெல்ட்டை மட்டும் போடுகிறேன், கையுறை போடுவதில்லை: விரலுக்குச் சுட்டால் உடனே வாளியில் முக்கல். தோய்ப்பதற்கு முன் கூர் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் விட்டுவைத்தால் நெருப்பிலும் கோணாது, பின்னால் தேய்க்கவும் சதை இருக்கும்.

ஐந்தாவது கத்தி தேறியது. கைப்பிடி மரத்துக்குப் பெரியவரின் பழைய பெல்ட்டுகளில் பசை நன்றாக இருந்த இரண்டு உதவின. போன வாரம் அந்த உறுமும் வார்ப்பிரும்பு இயந்திரத்தைப் பற்றி விசாரித்தேன். நான் பார்த்துவிட்டு வந்த மறுநாளே யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். வரும்போதே கெப்பாசிட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாராம்.