வீட்டு வாசலில் இராவணன் மீசை

மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் கடல் மணலில் வீடு கட்டியவர்கள் லாரி லாரியாகச் செம்மண் கொட்டிப் புல்தரை போடுகிறார்கள். உப்புக் காற்றில் அது கருகிப்போகிறது. அந்த மணலுக்கென்றே பிறந்த புல் இராவணன் மீசை. வெள்ளி பூசின பச்சையில், விறைப்பான இலையோடு, எந்த வெயிலுக்கும் அசராது.

மணல்மேட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். வேரை எடுத்தால் மேடு கரையும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளிலும் மணல்மேடுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. சாலையில் மூடிய மணலை அள்ளும்போது அறுந்து கிடக்கும் கொடி போதும், அல்லது ஏற்கெனவே வளர்ப்பவரிடம் கேளுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நடுவது நல்லது. மூன்று, நான்கு கணு உள்ள, ஒரு முழ நீளத் துண்டாக நறுக்குங்கள். அரை அடிப் பள்ளத்தில் சாய்வாகக் கிடத்தி, இரண்டு கணுவையாவது மணலுக்குள் விட்டு, நுனி வெளியே தெரியும்படி மூடுங்கள். துண்டுக்குத் துண்டு மூன்றடி இடைவெளி. மழை இல்லாத நாட்களில், வேர் பிடிக்கும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு மழையே போதும்.

பட்டுப்போவது பெரும்பாலும் அதிகக் கவனிப்பால்தான். களிமண் கலந்தாலோ தண்ணீர் தேங்கினாலோ கணு அழுகும். தென்னை நிழலில் கொடி நோஞ்சானாக ஓடும். எரு வேண்டாம். காற்று கொண்டுவந்து போடும் மணலைக் கூட்டித் தள்ளவும் வேண்டாம். மூடிய கணுவிலிருந்துதான் புதுவேர் இறங்கும்.

இதில் ஆண் வேறு, பெண் வேறு. அழகு பெண்ணில்தான். அதன் பூங்கொத்து பந்துபோல் உருண்டிருக்கும். காய்ந்த பந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் நீண்ட ஊசிகள், ஒவ்வொரு ஊசியின் அடியிலும் ஒரே ஒரு சிறுகதிர், அதாவது புல்லின் குட்டிப் பூக்கதிர். முற்றியதும் காம்பு ஒடிந்து, காற்றில் உருண்டே விதை பரப்பும். விதை பிடிக்க ஆண் செடியும் அருகில் இருக்க வேண்டும். ஆகவே பூத்திருக்கும் செடியைப் பார்த்து இரண்டிலும் கொடி வாங்குங்கள்.

இலை நுனி ஊசிதான். நடைபாதையிலிருந்து ஐந்தடி தள்ளி நடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் நடவே கூடாது. குனிந்து வேலை செய்யும்போது கண்ணாடியும் தோல் கையுறையும் கட்டாயம். வரம்பில் அடம்பங்கொடியைப் படரவிட்டால் ஊதாப் பூவும் கிடைக்கும், ஆளும் ஒதுங்கி நடப்பார்கள். எல்லை தாண்டும் கொடியை அவ்வப்போது வெட்டிவிடுங்கள். வெட்டின துண்டையே அடுத்த ஐப்பசியில் நடலாம் என்று காயவைத்துவிடாமல், மழைக்காலத்தில் வெட்டி அன்றே மண்ணில் வையுங்கள்.