எதிர்வீட்டுத் திண்ணைக்குக் கேட்கும் சொல்

நவம்பர் 24, 2024, ஞாயிறு

இன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி என்று அவரவர் காணிக்கையாகப் படைத்தவற்றை ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டார்கள். பிற்பகலில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அசனம் நடந்தது. வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டிக் கவலைப்படாதிருக்கச் சொல்லும் மத்தேயு 6ஆம் அதிகாரப் பகுதி அது. சிறு வயதிலேயே மனப்பாடமானதால் தடங்கலின்றி வாசித்தேன். கோபுரத்தில் தெருவைப் பார்த்துக் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கி அதை ஊர் முழுவதற்கும் கொண்டுபோயிற்று.

நவம்பர் 25, திங்கள்

ஏலத்தில் எடுத்த தாரிலிருந்து ஒரு சீப்பை எதிர்வீட்டு ஆச்சிக்குக் கொண்டுபோனேன். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைமுறைகளாக வரி கொடுத்துவரும் குடும்பம் அவர்களுடையது. சென்ற ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் புகுந்தபோது, ஆச்சி எங்கள் ஆலயத்துக்குள்தான் இரண்டு இரவுகள் படுத்திருந்தார்.

பழத்தை வாங்கி வைத்துவிட்டு, "நேத்து நீதானே வாசிச்ச தாயி? அஞ்ஞானின்னா எங்களத்தானே சொல்லுதாவ?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இவைகளையெல்லாம் அஞ்ஞானிகள் நாடித்தேடுகிறார்கள்" என்ற வரியை நான் எத்தனையோ முறை வாசித்திருந்தும், அந்தச் சொல்லுக்குரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று ஒருமுறையும் எண்ணியதில்லை. அது அந்தக் காலத்து ரோமரையும் கிரேக்கரையும் குறிப்பது என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏனெனில், இந்த ஊரின் அஞ்ஞான இருள் நீங்கவேண்டும் என்று வாரந்தோறும் நாங்கள் ஏறெடுக்கும் ஜெபமும் அதே ஒலிபெருக்கி வழியாகத்தான் அவர் திண்ணையை எட்டுகிறது.

நவம்பர் 28, வியாழன்

மூன்று நாள்களாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூலமான கிரேக்கத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல்லுக்கு இனங்கள், மக்களினங்கள் என்பதே பொருள். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதைப் 'பிற இனத்தவர்' என்கிறது. அறிவில்லாதவர் என்னும் பழி, எங்கள் கையிலிருக்கும் பழைய தமிழில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் கிறிஸ்தவக் கவிஞரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1853இலேயே சாயர்புரத்து மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். ஞானஸ்நானம் பெற்றதோ 1858இல். சபையின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவர் காதிலும் இந்தச் சொல் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் குருவானவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வேதபாடத்தைத் தம் விருப்பப்படி மாற்ற இயலாது என்றாலும், ஜெபத்தின் வார்த்தைகள் நம்முடையவை, அவற்றை மாற்றலாம் என்றார். ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசியபோது, அருகிலிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், அதை நிறுத்துவது சுவிசேஷத்தை மறைப்பதாகும் என்று வருந்தினார். அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன்; ஆனால் சுவிசேஷம் என்பதே நற்செய்தி என்று பொருள்படும்போது, கேட்பவருக்கு அது வசையாக ஒலித்தால் அறிவித்ததாக எப்படிக் கொள்வது என்று அவரிடமே கேட்டேன். முடிவில், வெளிக்குழாயைச் சில வாரங்கள் நிறுத்திப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

மாலையில் ஆச்சி வாசலுக்கே வந்துவிட்டார். காலையில் பாட்டுச் சத்தமே இல்லையே, கோயிலில் ஏதும் துக்கமா என்று கேட்டார். ஞாயிறுதோறும் காப்பி குடிக்கும் நேரத்துக்கு எங்கள் கீர்த்தனைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் தமிழ் இராகத்தில் அமைத்த பாடல் ஒன்றின் பல்லவியைச் சொல் பிசகாமல் பாடியும் காட்டினார். அவர் பெயர் ஆச்சிக்குத் தெரியாது. பாட்டை மட்டுமாவது வெளியே விடச் சொல் என்று கேட்டுக்கொண்டார். நாளை குருவானவரைப் பார்த்து இதைச் சொல்லவேண்டும்.