எங்கள் வகுப்பறைகளில் எத்தனை பேர் இருந்தார்கள்?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு இராணுவம் முன்னேறியதால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துச் சனம் செம்மணி வெளியால் கிழக்கேயுள்ள தென்மராட்சிக்கு நடந்து வந்ததை என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. தென்மராட்சியில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்து மேசை, வாங்குகள் முற்றத்துக்குப் போயின. வகுப்பறைகளைச் சேலையால் மறித்துக் குடும்பங்கள் இருந்தன. மனிதாபிமானக் கொள்கை ஆய்வில் இத்தனை வருடம் வேலை செய்த பிறகு அந்தக் கட்டடம் எனக்கு அளவுகளாகத்தான் நினைவுக்கு வருகிறது.

20 அடிக்கு 20 அடி வகுப்பறை ஏறத்தாழ 37 சதுர மீற்றர். நிவாரண அமைப்புகள் இன்று கைக்கொள்ளும், ஸ்பியர் (Sphere) எனப்படும் குறைந்தபட்ச உதவி நியமப்படி ஓர் ஆளுக்குக் கூரையின் கீழ் குறைந்தது 3.5 சதுர மீற்றர் வேண்டும். அதாவது அறைக்குப் பத்துப் பேர். எங்கள் அறைகளில் ஐந்தாறு குடும்பம் இருந்தது. ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பவையும் அந்த நியமங்களே. 1994இல் ருவாண்டாவை விட்டோடி கோமாவில் தங்கிய அகதிகளைக் கொலரா வாரிக்கொண்டு போனது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1997இல்தான் இந்த ஸ்பியர் முயற்சி தொடங்கியது. 1995இல் எங்கள் அதிபர் கையில் அப்படியொரு கைநூல் இல்லை.

நியமத்தை மனப்பாடம் செய்தும் பயனில்லை. கழிவுக்குழி கிணற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும் என்பார்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் கழிவுநீர் அதைத் தாண்டியும் ஓடும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 1.5 மீற்றர் விட வேண்டும். கோடையில் அளந்து வெட்டிய குழிக்கு மாரி மழை வந்ததும் அந்த இடைவெளி இல்லாமற் போகும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தலைக்கணக்கு. இத்துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் கோட்பாட்டுக்கு முன் இதைப் பழக வேண்டும் என்பேன். விதானையாரின் (கிராம சேவகரின்) பட்டியல் சொந்த ஊர்ப்படி இருக்கும். இடம்பெயர்ந்தவர் பழைய பிரிவிலும் புதிய பிரிவிலும் பதிந்திருப்பார். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தால் இளம் பிள்ளைகளின் பெயரை வீட்டார் கொடுக்கமாட்டார்கள். புதிதாகக் கலியாணம் செய்தவர்கள் தாய் தகப்பனின் குடும்ப அட்டையிலேயே நிற்பார்கள். ஆகவே முகாம் தலைவரிடம் மட்டும் தொகையைக் கேட்கக் கூடாது. கொட்டில்களை எண்ணி, பத்துக்கு ஒன்றாகத் தெரிவுசெய்து, "நேற்றிரவு இங்கே படுத்தது ஆர் ஆர்?" என்று கேட்க வேண்டும். "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்றால் கொழும்பில் படிக்கும் மகனும் சேர்ந்துவிடுவான். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு கூட்டுறவுச் சங்கத்தின் விநியோகப் பதிவோடும், தடுப்பூசி போட்ட குழந்தைகளின் தொகையோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பவும் போக வேண்டியதுதான்.

கணக்கைக் குறைத்துச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை வன்னி காட்டியது. 2009 தொடக்கத்தில் சண்டை நடந்த பகுதிக்குள் இருக்கும் சனம் 70,000 அளவில்தான் என்று கொழும்பு அரசு சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்த மே மாதத்துக்குப் பின் முகாம்களில் இருந்தவர்கள் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வைத்துப் பாருங்கள்: முதல் கணக்குக்கு 28 தொன், உண்மைக் கணக்குக்கு 112 தொன். மருந்துக்கும் இதே கதிதான். அந்தப் போரின் கடைசி மாதங்களில் தன் நடத்தையை ஐ.நா. தானே ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையை இத்துறை மாணவர் ஒவ்வொருவரும் முழுதாகப் படிக்க வேண்டும். சுருக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் எங்கள் பதிவேடுகள் அழிந்துவிட்டன. 1995 நவம்பரிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை எந்த அறையில் எந்த ஊர்க் குடும்பங்கள் இருந்தன, எந்தக் கிணற்றில் அள்ளினார்கள், எத்தனை கக்கூஸ் வெட்டினார்கள் என்பதை, அப்போது தொண்டராக நின்ற அண்ணன்மாரும் அக்காமாரும் ஊர் ஊராக எழுதித் தர வேண்டும். ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொல்வதோடு வைத்துப் பார்த்தால், அறைவாரியாக ஒரு கணக்கு இப்போதும் எடுக்கலாம். படிவம் தயாரித்துத் தர நான் ஆயத்தம்.