மாதுமையாள் சந்நிதியில்

கர்ப்பப்பையை எடுத்து ஐந்து மாதம். தையல் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஒரு கொப்பியில் கவிதை எழுதத் தொடங்கியிருந்தேன். எதை எழுதினாலும் ‘வெறுங்கூடு’ என்றே வந்து முடிந்தது. பெரியம்மா அதை வாசித்துவிட்டு, “வெள்ளிக்கிழமை கோணேசரிட்டப் போவம், வெளிக்கிடு பிள்ளை” என்றார்.

கோணேசர் கோயில் திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிற சிவன் கோயில். கோட்டை வாசலைத் தாண்டினால் வழக்கம்போல மான்கள். ஏற்றத்தில் இரண்டு தரம் நின்றேன். பெரியம்மாவும் தனக்கு மூச்சு வாங்குகிற மாதிரி நின்றார்.

கோணேசரைக் கும்பிட்டு மாதுமை அம்மன் சந்நிதிக்கு வந்தபோது ஒரு அக்கா சம்பந்தர் பதிகம் பாடிக்கொண்டிருந்தார். “வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்.” பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்புவித்த வரிதான். அன்றுதான் காதில் விழுந்தது. மலைமகள் அவருடைய பாகம். பாதியாக நிற்கிறவளைக் குறைந்தவள் என்று சம்பந்தர் பாடவில்லையே! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளிவீதியில் பெரியம்மா பழைய கதையைச் சொன்னார். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளியே வந்தன. அவற்றில் பார்வதியும் ஒன்று. 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

“எல்லாம் போச்சுது எண்டுதான் சனம் நினைச்சது. அவ உள்ளுக்க பத்திரமா இருந்திருக்கிறா” என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிற மரம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகக்கூடாது என்று நினைத்தே வந்திருந்தேன். பதினொரு வருடத்துக்கு முன் நானும் அங்கே கட்டினேன், பிள்ளை தங்கவில்லை. ஒரு இளம்பெண் கிளை எட்டாமல் நுனிவிரலில் நின்றாள். உள்ளங்கை அளவு மரத்தொட்டில், மஞ்சள் நூல், நடுங்குகிற விரல்கள்.

“அக்கா, ஒருக்கா பிடிக்கிறியளோ?”

பிடித்தேன். அவள் மூன்று முடிச்சுப் போடும் வரைக்கும் பிடித்திருந்தேன். கீழே கடல் பாறையில் மோதிக்கொண்டே இருந்தது. அப்புறம் மர நிழலில் இருந்து எழுதினேன்:

கிளையை வளைத்துப் பிடித்திருக்கிறேன்,
இறுக்கிக் கட்டு தங்கச்சி.
கடற்காற்று வருகிறது,
உன் தொட்டிலையும்
என் முந்தானையையும்
சேர்த்தே ஆட்டுகிறது.