கல் பதமாகும் வரை

ஏப்ரல் 29
கடல் மீன் தொட்டிக்காக நானே சிமெண்டில் வார்த்த கற்களை ஊறவைத்த தண்ணீரில் பி.எச். (காரத்தின் அளவு) இன்னும் 10க்குக் கீழே இறங்கவில்லை. வடித்துவிட்டு மறுபடி நிரப்பினேன்.

மே 3
உடைந்த துண்டு ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைச் சிமெண்டு ஒரு பங்கு, கோழித் தீவனக் கடையில் வாங்கிய கிளிஞ்சல் தூள் மூன்று பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு. உப்பு கரைந்து போன இடமெல்லாம் தீக்குச்சி நுழைகிற அளவுக்குத் துளை. ஒரு துளைக்குள் ஊதினால் மறுபக்கம் காற்று வருகிறது! கல்லில் எனக்கு வேண்டியது இந்தத் துளைகள்தான். ஆக்சிஜன் படும் மேற்பரப்பில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் குடியேறும். ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடும். இரண்டும் ஒரே கல்லில் நடக்க வேண்டும்.

மே 5
இன்று ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கடலில் எடுத்த முருகைக்கல்லாம் (பவளம் கட்டிய கல்), ஊதாப் பாசியோடு அப்படியே உயிருடன் கிடைக்குமாம், இரவோடு இரவாக வீட்டுக்கே வந்துவிடுமாம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். கோபத்தில் கை நடுங்கியது.

2001 முதல் கடினப் பவளம் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு காரணம். மிச்சமிருப்பதை 2016இன் சூடு வெளுக்கச் செய்தது. அதற்குப் பிறகும் என் கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்காக ஒருவன் கடப்பாரையோடு அங்கே இறங்க வேண்டுமா? எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். என் கல் இந்தப் புறவாசலில்தான் உயிர் பெறும்.

மே 6
வீட்டுக்காரர் வந்து போனார். ஆனி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்கிறார்.

மே 9
பி.எச். 8.4! கற்களை நீல டிரம்முக்கு மாற்றியாயிற்று. உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குப் போன மச்சினன் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்திருந்தான். துணியில் வடிகட்டி ஊற்றினேன். உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025.

இனி பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும். எல்லோரும் ஒரு இறாலைப் போட்டு அழுகவிடுவார்கள். “இறாலைப் போட்டால்தான் அந்தக் கல் பிழைக்குமா? அப்படியானால் அது நம் வீட்டில் பிழைக்க வேண்டாம்” என்று ஆச்சி சொல்லிவிட்டாள். அம்மோனியம் குளோரைடு வாங்கி வந்தேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருப்பாரே, அந்த நவச்சாரம்தான், ஆய்வகத்துக்கான சுத்தத்தில். ஆச்சி டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். 100 லிட்டருக்கு அரைக் கிராமுக்குச் சற்று மேலே போட்டால் அமோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு வரும். நாகர்கோவில் நண்பர் தன் தொட்டியிலிருந்து தந்த, பாக்டீரியா ஊறிய வடிகட்டிப் பஞ்சை உள்ளேயே பிழிந்துவிட்டேன்.

மே 13
அமோனியா அசையவில்லை. அக்னி நட்சத்திரம். டிரம்மில் 32 டிகிரி. தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும், இந்த பாக்டீரியாக்களோ ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யாது. டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். சாக்பீஸ் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே தண்ணீர் நிற்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தாமிரபரணி என்றாலும் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ. கேன் இரண்டு காலி.

மே 14
மின்தடை. பேட்டரி ஏர் பம்பைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே பாயை விரித்தேன்.

மே 18
அமோனியா இறங்குகிறது. சோதனைக் குழாயில் பச்சை வெளுத்து மஞ்சளாகிறது.

மே 22
நைட்ரைட். நைட்ரைட். நைட்ரைட்.

காலையில் புறவாசல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் மேல் சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்தேன். கத்தரிப்பூ நிறம். அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிய நிறம். மதியமும் அதுவே, இரவும் அதுவே. அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிற கூட்டம் சீக்கிரம் பெருகிவிட்டது. நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிற கூட்டம் பின்தங்கியே வரும். தெரியும். கடல் நீரில் குளோரைடு மிகுதி என்பதால் நைட்ரைட் மீனின் செவுளுக்குள் அவ்வளவாகப் புகாது, ஆற்று மீனைப் படுத்துகிற அளவுக்குக் கடல் மீனைப் படுத்தாது. அதுவும் தெரியும். தெரிந்து என்ன? மீன் விடுவது இருக்கட்டும், இந்தக் கூட்டம் நிலைகொள்வதற்கு முன் வீடு மாற்ற நேர்ந்தால் கல் என்னவாகும்? வழியில் காய்ந்தால் துளைகளுக்குள் இருப்பதெல்லாம் செத்து அழுகும். மறுபடி அமோனியா ஏறும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் ஆனிக் கடைசி வரை தவணை கேட்டுப் பார்க்க மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை.

மே 27
பெருமாள்புரத்தில் ஒரு வீடு பார்த்தோம். மாடி. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 200 லிட்டர் தண்ணீர், கண்ணாடி, கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டும். உத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டேன். தரகருக்குத் தெரியவில்லை. தொட்டியை நடுக்கூடத்தில் வைக்க முடியாது, சுவரோரம்தான். “மீனுக்காகவா வீடு பார்க்கிறோம்?” என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனாலும் சுவரோரம்தான்.

மே 28
கத்தரி முடிந்தது. கத்தரிப்பூ நிறம் முடியவில்லை.

ஜூன் 2
இரவு மின்சாரம் போனபோது டார்ச்சை டிரம்முக்குள் அடித்தேன். பெரிய கல்லின் இடுக்கில் வெள்ளைப் புள்ளிகள். தூசி என்று நினைத்தேன். ஒன்று துள்ளிப் பக்கத்துத் துளைக்குள் போயிற்று. பிறகு இன்னொன்று. கோபிபாடுகள்! நண்பரின் பஞ்சில் வந்திருக்க வேண்டும். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம், கடுகில் பாதிகூட இல்லை. கெளுத்தி மீசைபோல இரண்டு உணர்கொம்புகள், லென்ஸ் வைத்தால்தான் தெரிகின்றன. சிமெண்டும் கிளிஞ்சலும் குழைத்து நான் பிசைந்த கல்லில் எதுவோ வீடு பிடித்துவிட்டது. பையனை எழுப்பிக் காட்டினேன். ஆச்சியும் எழுந்து வந்தாள். “அதுக்கு என்ன ஆகாரம்?” என்று கேட்டாள்.

ஜூன் 6
சாரல். தண்ணீர் 28 டிகிரி. நைட்ரைட் இளஞ்சிவப்பு. சாக்கை அவிழ்த்துவிட்டேன்.

ஜூன் 7
அந்தக் கடல் கல் ஆள் மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை.

ஜூன் 9
பெருமாள்புரம் முடிவாகிவிட்டது. முன்பணம் கொடுத்தாயிற்று. பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கிறார்கள், எனக்கு நைட்ரைட் பார்க்க வேண்டும். கற்களைக் கடல் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்விட வேண்டும். டிரம் தண்ணீரில் பாதியையாவது கேன்களில் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே போனதும் முதலில் மாட்ட வேண்டியது பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் பம்பு), மின்விசிறி அல்ல என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாளை காலை மறுபடி சோதனை. நிறம் கொஞ்சமாவது வெளுத்திருந்தால் மச்சினனிடம் வண்டிக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால்