முயல் செலவும் என் கஞ்சத்தனமும்

சின்னப் பிராணிதானே, பெரிதாக என்ன செலவு வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஆயுள் கணக்கைத்தான் சொல்வேன். எலி மாதிரிச் சின்னதாக இருக்கும் ஹாம்ஸ்டர் இரண்டு மூன்று வருடம். கினிப் பன்றி 5 முதல் 8 வருடம். வீட்டுக்குள் வைத்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் முயல் 8 முதல் 12 வருடம் வரை இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை அடம்பிடித்து வாங்கிய முயல், அந்தப் பிள்ளை கல்லூரி முடித்த பிறகும் வீட்டில் புல் தின்றுகொண்டிருக்கும். அந்தப் புல்லை வாங்கிப் போடுவது யார் என்று நான் சொல்லவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு முயல், இரண்டு கினிப் பன்றிகள். மகளுடைய ஆசை, என்னுடைய கணக்கு நோட்டு. கஞ்சம் என்ற பட்டம் எனக்கு எப்போதோ கிடைத்துவிட்டதால் கூச்சமில்லாமல் எழுதுகிறேன்.

கஞ்சத்தனம் காட்டக் கூடாத முதல் இடம் காய்ந்த புல். முயலுக்கும் கினிப் பன்றிக்கும் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற முன்பல் மட்டுமல்ல, கடைவாய்ப் பல்லும்தான். முயல் காய்ந்த புல் மெல்லுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நீளப் புல் தாளை நுனியில் பிடிக்கும், தாடை பக்கவாட்டில் அரைக்கும், தாள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். பல் தேய்வது அந்த அரைப்பில்தான். கடையில் விற்கும் குச்சித் தீவனமான பெல்லட் அப்படியில்லை, நாலு கடியில் தூளாகிவிடும். புல் குறைந்தால் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும், தீனி எடுக்காது. அப்புறம் மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவிவிட வேண்டும். ஒரு தடவையோடு அது முடிவதும் அரிது. சாப்பாட்டில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் புல்லாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது சும்மா இல்லை.

ஆனால் புல் வாங்கும் விதத்தில் மிச்சம் பிடிக்கலாம். முயல் படம் போட்ட சின்னச் சின்னப் பொட்டலத்துக்கும், குதிரை வளர்ப்பவர்கள் வாங்கும் கட்டுக்கும் கிலோ கணக்கில் விலையை வகுத்துப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். உள்ளே இருப்பது அதே திமோத்திப் புல்லாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இடம் இல்லாதவர்கள் முயல் வளர்க்கும் இன்னொரு வீட்டோடு சேர்ந்து ஒரு கட்டைப் பிரித்துக்கொள்ளலாம். கட்டைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். நான் துளையிட்ட அட்டைப் பெட்டியில், தரையில் படாமல் வைக்கிறேன். நல்ல புல் பச்சை மங்காமல் இனிப்பாக மணக்கும். உதறினால் தூசி பறக்கிறது, மக்கிய வாடை அடிக்கிறது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

வைக்கோல் மலிவுதானே என்று கேட்பார்கள். அது தானியம் எடுத்த பிறகு மிஞ்சும் தண்டு, சத்து குறைவு. படுக்கைக்குப் போடலாம், சாப்பாட்டுக்கு ஆகாது. குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) என்ற தீவனப் பயிர் அதற்கு நேர் எதிர். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதில் அதிகம். குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் சரி, வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேர வழி செய்கிறோம். கூடுதல் காசு கொடுத்து வியாதி வாங்குவானேன்?

புல்லுக்குச் சொன்ன பெரிய கட்டு யோசனையைப் பெல்லட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், முக்கியமாகக் கினிப் பன்றி வைத்திருப்பவர்கள். நம்மைப் போலவே அவற்றின் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். பெல்லட்டில் சேர்த்திருக்கும் வைட்டமின் சி நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வரும். மூட்டை தீரும்போது வயிறு நிறையும், சத்து இருக்காது. அதனால் சின்னப் பையாக, தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குகிறேன். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்துக்கு நான் காசு கொடுப்பதே இல்லை. வெளிச்சத்தில் அது வீரியம் இழந்துவிடும். ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறையும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் போதும். நாம் சமைக்கும்போது ஒரு கீற்று ஒதுக்கினால் வேலை முடிந்தது. முயலுக்குப் பெல்லட் அளவு, அதன் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். அதற்கு மேல் போடுவது கொழுப்பாகத்தான் சேரும். விதையும் உலர்பழமும் கலந்த வண்ணக் கலவைகளில் முயல் இனிப்பை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியைத் தள்ளிவிடும். குப்பைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

உப்புக் கட்டி, வாசனைத் தெளிப்பான், ஹாம்ஸ்டரை உள்ளே அடைத்து உருட்டும் பந்து, இவை எதுவும் வேண்டாம். அந்தப் பந்தை ஒரு விளையாட்டுச் சாமான் என்று எப்படித்தான் விற்கிறார்களோ! உள்ளே இருப்பதற்குக் காற்றும் சரியாக வராது, எங்கே முட்டுகிறோம் என்றும் தெரியாது. ஓட வேண்டுமென்றால் சக்கரம் வையுங்கள், அதிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓடும்போது முதுகு வளையாமல் நேராக இருக்க வேண்டும். குள்ள வகை ஹாம்ஸ்டருக்கு 20 செ.மீ. விட்டம், சிரிய ஹாம்ஸ்டருக்கு 28 செ.மீ. குறைந்தபட்சம். கூண்டோடு இலவசமாக வரும் சக்கரம் பெரும்பாலும் இதில் பாதிகூடத் தேறாது.

கூண்டும் அப்படித்தான். கடையில் மாடி வைத்து, படி வைத்து, கலர் கலராக இருப்பவை மிகச் சிறியவை. நாய்க்குட்டிகளுக்கு விற்கும் மடக்கு வேலி ஒன்றைப் பழையதாக வாங்கினால் முயலுக்கு ஒரு அறை அளவு இடம் கிடைக்கும், மடக்கிச் சுவரோரம் சாய்த்தும் வைக்கலாம். கீழே செய்தித்தாள், மேலே பழைய ஃபிளீஸ் போர்வை. ஈரம் போர்வை வழியாக இறங்கித் தாளுக்குப் போய்விடும், மேலே காலில் ஒட்டாது. அந்தப் போர்வையைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி ஊற்றக் கூடாது, ஊற்றினால் ஈரம் இறங்காது. ஹாம்ஸ்டருக்குக் கூடு கட்ட வாசனையில்லாத கழிப்பறைத் தாளைக் கிழித்துப் போட்டால் போதும். பஞ்சு மாதிரி விற்கும் படுக்கை காலில் சுற்றிக்கொள்ளும்.

முயலின் கழிவுத் தட்டில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. முயல் உடம்பு மிச்சச் சுண்ணாம்பைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். எந்தச் சோப்புக்கும் அது அசையாது. வினிகர் ஊற்றினால் சுர்ரென்று நுரைத்துப் பெயர்ந்து வந்துவிடும். சொல்லப்போனால் பார்க்கவே ஒரு திருப்தி.

இனி மருத்துவச் செலவு. பெரிய பணம் போவது இங்கேதான். என் வீட்டில் அதைக் குறைத்த ஒரே கருவி சமையலறைத் தராசு. இரையாகும் விலங்குகள் நோயை மறைத்துக்கொள்ளும், நமக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை தராசில் கிண்ணம் வைத்து, கினிப் பன்றியை உட்கார வைத்து, கையில் ஒரு கொத்தமல்லித் தண்டு கொடுத்தால் மென்றுகொண்டே அசையாமல் இருக்கும். எண்ணை எழுதிக்கொள்வேன். வளர்ந்த கினிப் பன்றி சாதாரணமாக 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். திடீரென்று 50 கிராம் குறைந்தால் நான் அடுத்த வாரம் வரை காத்திருப்பதில்லை. மருந்தும் சீக்கிரம் முடியும், பில்லும் சின்னதாக இருக்கும்.

முயல் அரை நாளாகத் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். குடல் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் சிவப்பாக இருந்தால் மட்டும் உடனே பதறத் தேவையில்லை. செடிகளில் உள்ள நிறமிகளால் முயலுக்கு அப்படிப் போவதுண்டு. முக்குகிறது, சோர்ந்திருக்கிறது என்றால்தான் ஓட வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கும் சிக்கனமும் வேண்டவே வேண்டாம். அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலும் கினிப் பன்றியும் ஹாம்ஸ்டரும் இறந்துபோகலாம். நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலுக்கு விஷம்.

ஆணா பெண்ணா என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஜோடியாக வாங்கியவர்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். முயலுக்கு ஒரு மாதத்தில் குட்டிகள் வந்துவிடும். ஆண் கினிப் பன்றிக் குட்டியை மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயதானால் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். எனவே அந்த அறுவைச் சிகிச்சைச் செலவை நோட்டில் வரவுப் பக்கத்தில்தான் எழுதினேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

எதிர்பாராத செலவுக்கென்று ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கிறேன். கடையில் எதையாவது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால், அதன் விலையை அப்படியே அதில் போட்டுவிடுவேன். நேற்று மகள் முயலுக்கென்று மெத்தை தைத்த சின்னக் கட்டில் ஒன்றைப் போனில் காட்டி, "அம்மா, இதை மட்டும்..." என்று ஆரம்பித்தாள். விலையைப் பார்த்தேன். இந்த மாதம் கணக்கில் நல்ல வரவு.